மகத் நகராட்சியும் சவுதார் குளமும்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

    

கல்விக் கழகத்தின் வெள்ளிவிழாவில் எங்கோ உள்ள ஓர் ஊரின் வரலாற்றைப் பேசுவது எதற்காக என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். மகத் என்ற பெயரை அறியாதவர் நம்மில் இலர். 1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் அங்குள்ள பொதுக் குளத்தில் இறங்கித் தண்ணீர் பருகினார் என்பதைச் சிறு பிள்ளைகளும் சொல்வர். ஆனால், நாம் பெரும்பாலும் அந்த ஒரு நாளோடு நின்றுவிடுகிறோம். அந்தக் குளம் யாருடையது? அதைக் காக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது? அதை எல்லார்க்கும் திறந்துவிடலாம் என்று முன்னமே தீர்மானம் எழுதியவர்கள் யார்? எழுதிய தீர்மானத்தைப் பின்னர் அடித்தவர்கள் யார்? இக்கேள்விகளுக்கு விடை தேடிப் புறப்பட்டால், நம் கால்கள் ஒரு சிறிய நகராட்சி அலுவலகத்தின் வாசலில் போய் நிற்கும். அந்த நகராட்சியின் கதையைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். அதில் நம் இளைஞர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

முதலில் ஊரைப் பார்ப்போம். மகத், மராட்டிய மாநிலத்தின் கொங்கணப் பகுதியில், மும்பைக்குத் தெற்கே சுமார் 170 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பழைய கொலாபா மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டம் 1981இல் இராய்கட் என்று பெயர் மாறியது. கிழக்கே சஃயாத்திரி மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. ஊரை ஒட்டிச் சாவித்திரி ஆறு ஓடிப் பாங்கோட் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. சாலைகள் பெருகாத காலத்தில் கடலிலிருந்து சரக்குப் படகுகள் இவ்வாற்றின் வழியே வந்தன. மலைக்கு மேலிருந்து இறங்கிய பண்டங்களும் கடல்வழி வந்த பண்டங்களும் சந்திக்கும் சந்தையாக இவ்வூர் வளர்ந்தது.

ஊரின் பழமைக்குச் சான்று அருகிலேயே இருக்கிறது. காந்தார்பாலே என்னுமிடத்தில் மலையைக் குடைந்து அமைத்த பௌத்தக் குகைகள் உள்ளன. பிக்குகள் தங்கிய அக்குகைகளில் கொடையாளிகளின் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, அரசகுமாரன் ஒருவன் குகையோடு நீர்த்தொட்டிகளையும் சேர்த்துக் கொடையளித்ததைக் கூறுகிறது. தண்ணீரை அறமாக வழங்கிய செய்தி பொறிக்கப்பட்ட மலையின் நிழலில்தான் பிற்காலத்தில் தண்ணீரை மறுத்த ஊரும் வளர்ந்தது.

மகத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் இராய்கட் கோட்டை இருக்கிறது. 1674இல் சிவாஜி முடிசூடிக்கொண்ட தலைநகர் அது. பேஷ்வாக்களின் ஆட்சியில் 1796ஆம் ஆண்டு நானா பட்னவிசும் நிசாமும் செய்துகொண்ட உடன்படிக்கை இவ்வூரின் பெயராலேயே வழங்குகிறது. 1818இல் பேஷ்வாக்களின் ஆட்சி வீழ்ந்தபின் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. தாலுக்காவின் தலைமையிடமாகக் கச்சேரியும் நீதிமன்றமும் அமைந்தன. 1860களில் நகராட்சியும் ஏற்பட்டது.

இனிக் குளத்திற்கு வருவோம். சவுதார் என்ற மராத்திச் சொல்லுக்குச் சுவைமிக்கது என்று பொருள். நான்கு முதல் ஐந்து ஏக்கர் பரப்புள்ள அந்நீர்நிலையைச் சிறிய ஏரி என்றே சொல்லலாம். மழைநீரும் இயற்கை ஊற்றுகளும் அதனை நிரப்பின. அதை வெட்டியவர் யார், எப்போது வெட்டினார் என்பதற்குச் சான்று ஏதும் இல்லை. நகராட்சி ஏற்பட்டபோது அரசு அக்குளத்தை நகராட்சியின் பொறுப்பில் விட்டது. அன்று முதல் அது பொதுச்சொத்து. குளத்தைச் சுற்றி நகராட்சியின் சாலை; சாலைக்கு அப்பால் மேல்சாதியார் வீடுகள். அமைப்பைக் கவனியுங்கள்: நீர் பொது, கரையைச் சுற்றிய சாலையும் பொது, ஆனால், அந்நீரைக் காவல் காக்கும் கண்கள் மட்டும் ஒரு சாராருடையவை.

1920களில் மகத்தின் மக்கள்தொகை ஏழாயிரத்துக்கும் எண்ணாயிரத்துக்கும் இடைப்பட்டது. அதில் தீண்டத்தகாதோர் எனப் பட்டம் சூட்டப்பட்ட நம் மக்கள் நானூறு பேருக்கும் குறைவு. எனினும், சுற்றுச் சிற்றூர்களிலிருந்து அவ்வூருக்கு நாள்தோறும் வந்துபோன நம் மக்கள் பலர். சந்தைக்குச் சாமான் வாங்க வருவார்கள். கிராம ஊழியம் செய்த மகர் மக்கள், கிராம அதிகாரிகள் கொடுத்தனுப்பிய கடிதங்களையும் வசூலான வரிப்பணத்தையும் தாலுக்கா கச்சேரியில் சேர்க்க வருவார்கள். அரசாங்கத்தின் பணத்தைச் சுமந்துவர அவர்கள் கை ஆகும். அரசாங்கத்தின் குளத்தில் நீர் அள்ள அக்கை ஆகாது. வெளியூரார்க்குத் தண்ணீர் கிடைக்கும் பொதுக் குளம் சவுதார் ஒன்றே. ஆனால், நம் மக்களுக்கு விடப்பட்டதோ, ஊரின் நடுவிலிருந்து விலகி அவர்கள் குடியிருப்பில் கிடந்த ஒரு கிணறு. நகராட்சி கவனியாமல் விட்டதால் அது தூர்ந்து கிடந்தது.

குளத்தைப் பேணியதும் அதே நகராட்சிதான். கிணற்றைத் தூர்ந்துபோக விட்டதும் அதே நகராட்சிதான். ஒரு நகராட்சியின் குணத்தை அறிய அதன் கட்டடத்தையோ அலங்கார வளைவையோ பார்க்க வேண்டியதில்லை. எந்தத் தெருவின் கிணறு தூர்வாரப்படுகிறது, எந்தத் தெருவின் கிணறு மறக்கப்படுகிறது என்று பார்த்தால் போதும்.

அப்படியிருந்தும், இவ்வூரைக் கொடுமையின் இருப்பிடமாக மட்டும் காண்பது முழு உண்மை ஆகாது. எதிர்த்துக் கேட்கும் மரபு இதே மண்ணில் தோன்றியது. மகத்தை அடுத்த சிற்றூரில் பிறந்தவர் கோபால் பாபா வலங்கர். படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். 1888இல் தீண்டாமையைக் கேள்விகளால் துளைத்தெடுத்த சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். 1895இல் அவர் மகத் தாலுக்கா வாரியத்தின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். மேல்சாதி உறுப்பினர்களுக்கு அது பொறுக்கவில்லை; பத்திரிகைகளில் பெரும் வாக்குவாதம் எழுந்தது. நம்மவர் ஒருவர் உள்ளாட்சி நாற்காலியில் அமர்ந்ததற்கே அவ்வளவு கொந்தளிப்பு. குளத்தில் இறங்குவதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் போராட்டம் தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும்.

அடுத்தவர் இராமச்சந்திர பாபாஜி மோரே. அவரும் அப்பகுதியைச் சேர்ந்தவரே. சிறுவனாக இருந்தபோது கல்வி உதவித்தொகை பெற்றும் மகத்தின் ஆங்கிலப் பள்ளியில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. அச்சிறுவன் மனம் உடைந்து வீடு திரும்பவில்லை, மேலதிகாரிகளுக்கு முறையீடு எழுதினான், இடமும் பெற்றான். அந்தச் சிறுவனே வளர்ந்து, 1927இல் மகத் மாநாட்டைக் கூட்டுவதற்கு முன்நின்று உழைத்த இளைஞர் ஆனார். கல்விக் கழகத்தின் விழாவில் இதைச் சொல்வதில் எமக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை, பின்னாளில் ஒரு மாநாட்டையே எழுப்பியது.

இனித் தீர்மானத்தின் கதை. 1923ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் பம்பாய்ச் சட்டசபையில் எஸ்.கே. போலே என்னும் சீர்திருத்தவாதி ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். பொதுப்பணத்தில் கட்டப்பட்டு அல்லது பேணப்பட்டுவரும் நீர்நிலைகள், கிணறுகள், தர்மசாலைகள், பள்ளிகள், நீதிமன்றங்கள், மருத்துவமனைகள் ஆகியவற்றைத் தீண்டாதாரும் பயன்படுத்த விட வேண்டும் என்பது அதன் சாரம். அரசு அதனை ஏற்று உள்ளாட்சி அமைப்புகளுக்கு அனுப்பியது. மகத் நகராட்சி 1924ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள் கூடி, சவுதார் குளத்தை நம் மக்களும் பயன்படுத்துவதில் நகராட்சிக்கு மறுப்பில்லை என்று தீர்மானம் எழுதியது. அந்நகராட்சியின் தலைவராக விளங்கிய சுரேந்திரநாத் திப்னிஸ் மேல்சாதியில் பிறந்தும் நம் பக்கம் நின்றவர். நன்றியுடன் நினைக்கத்தக்க பெயர் அது.

தீர்மானம் எழுதியாயிற்று. பிறகு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. மூன்று ஆண்டுகள் கழிந்தன. நம் மக்கள் எவரும் அக்குளத்தில் ஒரு கை நீர் அள்ளவில்லை. தடுப்பதற்குச் சட்டம் இல்லை. ஆனால், தடுப்பதற்குத் தெருவே இருந்தது. குளக்கரைக்குச் செல்பவனுக்குப் பாதுகாப்பு தருவது யார், அடி விழுந்தால் கேட்பது யார் என்பது பற்றித் தீர்மானத்தில் ஒரு சொல்லும் இல்லை. 1926இல் போலே மீண்டும் சட்டசபையில் எழுந்து, முந்தைய தீர்மானத்தைச் செயல்படுத்தாத உள்ளாட்சிகளுக்கு மானியம் தரலாகாது என்று வலியுறுத்தினார். காகிதத்தில் திறந்த கதவுகள் தரையில் திறக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

அந்நிலையில்தான் 1927 மார்ச்சு 19, 20 ஆகிய நாள்களில் கொலாபா மாவட்டத் தாழ்த்தப்பட்டோர் மாநாடு மகத்தில் கூடியது. அண்ணல் அம்பேத்கர் தலைமை தாங்கினார். ஆயிரக்கணக்கானோர் நடந்தே வந்தனர். ஊரின் பெரிய நீர்நிலை கண்ணெதிரே இருக்க, மாநாட்டின் தேவைக்கு நாற்பது ரூபாய் கொடுத்துத் தண்ணீர் விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. அந்நாளில் நாற்பது ரூபாய் ஏழைக் கூலிக்காரனுக்குப் பல வாரங்களின் உழைப்பு. இரண்டாம் நாள், அனந்தராவ் சித்ரே எழுந்து, நகராட்சி தந்த உரிமையை இன்றே பயன்படுத்துவோம் என்னும் கருத்தை முன்வைத்தார். கூட்டம் வரிசை வரிசையாகக் கடைத்தெரு வழியே அமைதியாக நடந்து குளத்தை அடைந்தது. அண்ணல் முதலில் நீர் அள்ளிப் பருகினார், மக்கள் தொடர்ந்தனர்.

அதன்பின் நிகழ்ந்ததையும் சொல்லத்தான் வேண்டும். வீரேசுவரர் கோயிலுக்குள்ளும் இவர்கள் நுழையப் போகிறார்கள் என்று பொய்ச் செய்தி பரப்பப்பட்டது. தடிகளோடு வந்த கூட்டம் பந்தலில் உண்டுகொண்டிருந்தவர்களைத் தாக்கியது. உணவை மண்ணில் கொட்டியது. ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்களை வழிமறித்து அடித்தது. பலர் காயமுற்றனர். சிலருக்கு முசுலிம் குடும்பங்கள் தம் வீடுகளில் அடைக்கலம் தந்தன. முதல் உலகப்போரில் படைக்கலம் ஏந்திய நம்மவர் பலர் அங்கு இருந்தனர். அண்ணலின் ஒரு சொல்லுக்குக் காத்திருந்தனர். அவர் அச்சொல்லைச் சொல்லவில்லை. சட்டத்தின் வழியே நின்றார். தாக்கியவர்களில் சிலர் பின்னர் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றனர்.

மேல்சாதியார் அடுத்துச் செய்தது, குளத்தைத் தூய்மைப்படுத்தும் சடங்கு. சாணம், கோமியம், பால், தயிர் கலந்த 108 பானைகளைக் குளத்தில் கவிழ்த்து, வேதியர் மந்திரம் ஓத, நீர் தூய்மையாகிவிட்டது என்று அறிவித்தனர். மனிதன் தொட்டால் தீட்டாகும் நீர், சாணம் கலந்தால் தூய்மையாகுமாம்! பிற சமயத்தார் அக்குளத்து நீரை எடுக்கத் தடை இருந்ததில்லை. ஆகவே, அது நீரின் தூய்மையைப் பற்றிய கவலை அன்று. நம் மக்களின் இடத்தைப் பற்றிய கவலை.

சடங்கோடு நின்றிருந்தால் அது அவர்தம் நம்பிக்கை என்று விட்டுவிடலாம். ஆனால், நகராட்சி 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் கூடி, 1924ஆம் ஆண்டுத் தீர்மானத்தை இரத்துச் செய்தது. பம்பாய்ச் சட்டசபையில் போலேயின் தீர்மானம் நிறைவேறி அன்றைக்குச் சரியாக நான்கு ஆண்டுகள். இளைஞர்களே, இந்த நிகழ்ச்சியை நீங்கள் ஊன்றி எண்ண வேண்டும். பெரும்பான்மையின் நல்லெண்ணத்தால் மட்டும் கிடைத்த உரிமையை, அப்பெரும்பான்மை மனம் மாறும்போது கை உயர்த்தியே பறித்துக்கொள்ளலாம். உரிமை பயன்படுத்தப்படாமல் மூன்றாண்டு உறங்கியபோது அதை எவரும் அடிக்க நினைக்கவில்லை. பயன்படுத்திய நான்கு மாதங்களில் அடித்துவிட்டனர். தண்ணீர் குடிக்கப்படும் வரையில் தீர்மானத்தை யாரும் பொருட்படுத்தவில்லை என்பதே இதன் பொருள்.

அண்ணல் மீண்டும் மகத்துக்கு வர முடிவு செய்தார். டிசம்பர் 25இல் சத்தியாகிரக மாநாடு என்று அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பாளர்கள் இம்முறை தடியோடு நீதிமன்றத்தையும் நாடினர். டிசம்பர் 12இல் மகத் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்து, குளத்தில் நீர் எடுக்கலாகாது என்று இடைக்காலத் தடையுத்தரவு பெற்றனர். ஊருக்குள் மாநாட்டுக்கு இடம் தர ஆளில்லாத நிலையில் பத்தேகான் என்னும் முசுலிம் பெரியவர் தம் நிலத்தைத் தந்தார். அண்ணலும் தொண்டர்களும் பம்பாயிலிருந்து கடல்வழியாகத் தாசகாவ் வரை வந்து, அங்கிருந்து நடந்து மகத்தை அடைந்தனர். மாநாட்டு உரையில் அண்ணல், 1789ஆம் ஆண்டின் பிரெஞ்சு தேசியப் பேரவையோடு அக்கூட்டத்தை ஒப்பிட்டார். குடிநீருக்காக மட்டும் கூடவில்லை, சமத்துவத்தின் அடிப்படையில் சமுதாயத்தையே திருத்தி அமைக்கக் கூடியிருக்கிறோம் என்பதே அவர் விளக்கிய கருத்து. அன்றிரவு மனுநூல் எரிக்கப்பட்டது. அத்தீர்மானத்தை முன்மொழிந்த சகசிரபுத்தே பிராமணர் குலத்தில் பிறந்தவர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

தடையுத்தரவு இருக்கும்போது குளத்தில் இறங்குவதா, வேண்டாமா என்று மாநாட்டில் நீண்ட வாதம் நடந்தது. சிறை செல்லவும் சித்தமாக ஆயிரக்கணக்கானோர் பெயர் கொடுத்திருந்தனர். ஆயினும், நம்மை எதிர்ப்பவர் மக்கள்தாம், அரசு அன்று. வழக்கின் முடிவு வரும்வரை பொறுப்போம் என்று அண்ணல் எடுத்துரைத்தார். மக்கள் குளத்தைச் சுற்றி ஊர்வலமாக வந்து, நீரைத் தொடாமல் திரும்பினர். அந்நாள்களில் அவர் பெண்களிடம் தனியே பேசினார். ஆடையிலும் அணியிலும் இழிவின் அடையாளங்களை விடுங்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று அவர் கூறிய அறிவுரையைத் தாய்மார்கள் உடனே ஏற்றனர். குடித்தது பெரிய செயல் என்றால், தாகத்தோடு கரையில் நின்று திரும்பியது அதனினும் அரிய செயல் என்று எமக்குத் தோன்றுகிறது.

வழக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் நடந்தது. மகத் நீதிமன்றம் 1931இல் வழக்கைத் தள்ளியது. தாணே நீதிமன்றம் 1933இல் மேல்முறையீட்டைத் தள்ளியது. இறுதியாக 1937ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகள் புரூம்ஃபீல்டு, வாடியா ஆகியோர் நம் மக்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர்.

அத்தீர்ப்பு எதன்மேல் நின்றது என்பதை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். குளம் நகராட்சியின் உடைமை என்பது நிலைநாட்டப்பட்டது. எஞ்சி நின்ற கேள்வி வழக்கத்தைப் பற்றியது. நினைவுக்கு எட்டாத காலந்தொட்டு இவர்களை விலக்கி வைப்பதே ஊர் வழக்கம் என்று எதிர்ப்பாளர்கள் வாதிட்டனர். நீதிமன்றம், அதற்குச் சான்று எங்கே என்று கேட்டது. அண்மைக் கால விலக்கலுக்குச் சாட்சிகள் இருந்தன. அது தொன்றுதொட்டு வந்தது என்பதற்குச் சான்று இல்லை. ஆகவே வழக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று தீர்ப்பாயிற்று. "காலங்காலமாக இப்படித்தான்" என்று ஊரார் மார்தட்டிச் சொன்ன பேச்சு, ஏட்டைக் காட்டு என்றவுடன் வாயடைத்துப் போயிற்று.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அந்த வழக்கம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால், அது நியாயமானதா, பொதுநலனுக்கு ஒத்ததா என்ற கேள்வி பின்னர் எழுந்திருக்கும். அதற்கு நீதிமன்றம் விடை கூறவில்லை. சான்று கிடைத்திருந்தால் முடிவு எப்படி இருந்திருக்குமோ! ஆகையால்தான், பின்னர் அரசியல் சட்டத்தின் வரைவுக்குழுத் தலைவராக அமர்ந்த அண்ணல், உரிமையை வழக்கத்தின் தயவிலும் நகராட்சியின் தயவிலும் விட்டுவைக்க உடன்படவில்லை. அரசுப் பணத்தால் பேணப்படும், பொதுமக்கள் பயனுக்கு விடப்பட்ட கிணறுகள், குளங்கள், நீராடுதுறைகள் ஆகியவற்றில் எவரையும் விலக்கலாகாது என்று 15ஆம் பிரிவு கூறுகிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து, அதனைக் கைக்கொள்வதைக் குற்றமாக்குகிறது. அச்சொற்களைப் படிக்கும்போது மகத்தின் குளக்கரை நம் கண்முன் தோன்றுகிறது. எந்த நகராட்சியும் கை உயர்த்தி இரத்துச் செய்ய இயலாத இடத்தில் அந்தத் தீர்மானம் இப்போது எழுதப்பட்டிருக்கிறது.

நம் தமிழகத்துக்கும் இதே காலத்து வரலாறு உண்டு. மகத் நகராட்சி தீர்மானம் எழுதிய அதே 1924இல், சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொதுச் சாலைகளையும் பொதுக் கிணறு குளங்களையும் நம் மக்கள் பயன்படுத்தும் உரிமைக்காகத் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். பின்னர் 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணலோடு அமர்ந்தவரும் அவரே. இங்கும் தீர்மானத்துக்கும் தண்ணீருக்கும் இடையே நெடுந்தொலைவு கிடந்தது. அத்தொலைவு முழுதும் கடந்துவிட்டது என்று கூற நமக்கு நா எழவில்லை. 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது கண்டறியப்பட்டது. 108 பானைகளின் காலத்துக்குப் பிறகு 95 ஆண்டுகள் கடந்தும் தண்ணீரே களமாக இருக்கிறது.

இன்று மகத் எப்படி இருக்கிறது? தொழிற்பேட்டை வளர்ந்திருக்கிறது, மும்பை–கோவா நெடுஞ்சாலை அவ்வழியே செல்கிறது. ஊரை வளர்த்த ஆறே மழைக்காலத்தில் ஊரை வருத்துகிறது. 2021 சூலை வெள்ளத்தில் மகத் பெரும் துயருக்கு உள்ளாயிற்று. சவுதார் குளத்தில் அண்ணலின் சிலை நிற்கிறது. மனுநூல் எரிக்கப்பட்ட நினைவாகக் கிராந்தி தம்பம் எழுப்பப்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் மார்ச்சு 20இல் திரளான மக்கள் அங்குக் கூடுகின்றனர். ஒரு காலத்தில் வந்தவர்க்கு நீர் மறுத்த ஊரின் பெயர், அந்நீரை அருந்தியவர்களாலேயே உலகறிய நிற்கிறது.

இளைஞர்களே! இவ்வளவும் சொன்னதன் நோக்கம் ஒன்றே. மகத்தில் மூன்று பொருள்கள் தேவைப்பட்டன. முதலாவது, ஏட்டில் ஒரு தீர்மானம். அது இல்லாவிடில் குளத்துக்குச் சென்ற கால்களுக்குச் சட்டத்தின் துணை இருந்திராது. இரண்டாவது, குளத்துக்கு நடந்த கால்கள். அவை இல்லாவிடில் தீர்மானம் உறங்கியே கிடந்திருக்கும். மூன்றாவது, பத்தாண்டுக் காலம் நீதிமன்றத்தில் ஏடுகளைப் புரட்டிக் காத்த கல்வி. அது இல்லாவிடில் நடந்த கால்களின் தடம் அழிக்கப்பட்டிருக்கும். துணிவு மட்டும் இருந்து படிப்பு இல்லாவிடில் தோற்போம். படிப்பு மட்டும் இருந்து துணிவு இல்லாவிடில் தீர்மானத்தைச் சட்டம் போட்டு மாட்டி வைப்போம்.

நம்முள் ஒரு பழக்கம் இருக்கிறது. பட்டம் பெற்றவுடன் வெளியூர் வேலை, பெருநகர வாழ்வு என்று மனம் செல்கிறது. அது தவறன்று, குடும்பங்கள் தலைநிமிர அதுவும் வேண்டும். ஆனால், நம் தெருவுக்குக் குழாய் எப்போது வரும், சாக்கடை எங்கே முடியும், சுடுகாட்டுப் பாதை யாருடையது என்பதையெல்லாம் முடிவு செய்யும் நகராட்சி மன்றத்தை, அரசியல்வாதிகளின் இடம் என்று ஒதுக்கிவிடுகிறோம். 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளில் நம் மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்களை ஒதுக்கியிருக்கிறது. வலங்கர் ஓர் இடத்தில் அமர்ந்ததற்குப் பத்திரிகைகள் கொதித்த காலம் போய், இடம் நமக்கென்று சட்டமே எழுதியிருக்கிறது. அவ்விடத்தில் அமர்பவர் தீர்மானத்தின் வாசகத்தைப் படித்துப் புரிந்து கையெழுத்திடுபவராக இருக்க வேண்டும். பிறர் காட்டிய இடத்தில் கையெழுத்திடுபவராக இருத்தலாகாது.

ஆகவே, இவ்வெள்ளிவிழாவில் கழகத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். நம் கழக நூலகத்தில் ஒரு பேரேடு திறக்கப்பட வேண்டும். நம் ஊரின் குளங்கள், கிணறுகள், நீர்த்தொட்டிகள், குழாய்கள், புறம்போக்குகள், பாதைகள் ஆகியவற்றில் எது எந்தப் பதிவில் யார் பெயரில் உள்ளது, அதைப் பற்றி நகராட்சி எந்த நாளில் என்ன தீர்மானம் எழுதியது, அத்தீர்மானம் நடைமுறைக்கு வந்ததா என்பவை அதில் இடம்பெற வேண்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அந்த ஏடுகளைக் கேட்டுப் பெற வழி செய்திருக்கிறது. பள்ளி மேல்வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் முதல் பட்டதாரிகள் வரை இப்பணியில் ஈடுபடலாம். விண்ணப்பம் எழுதிய சிறுவன் மோரேயைப்போல, நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு விண்ணப்பத்தையாவது பிழையின்றி எழுதி, அதற்கு விடையும் பெற்றுப் பழக வேண்டும். தீர்மானம் எழுதப்பட்டும் நடைமுறைக்கு வராதவை எவையென்று பேரேடு காட்டும். அவற்றை நோக்கி நாம் எல்லாரும் சேர்ந்து, அமைதியாக, வரிசையாக நடக்க வேண்டியிருக்கும்.